பெயர், வரிசை, இடைவெளி, விகிதம்: நான்கு அளவைகளின் வரலாறு

பெயரளவை, வரிசை அளவை, இடைவெளி அளவை, விகித அளவை என்று தரவுகளை நான்காகப் பிரிப்பது இன்று பள்ளிப் பாடம். மாணவர் ஒரே பக்கத்தில் படித்து முடித்துவிடும் இந்தப் பிரிவுக்கு இப்போதைய வடிவம் கிடைத்தது 1946-இல்தான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் எஸ்.எஸ்.ஸ்டீவன்ஸ் அந்த ஆண்டு 'சயன்ஸ்' இதழில் எழுதிய நான்கு பக்கக் கட்டுரை இந்தப் பெயர்களை நிலைநிறுத்தியது. பெயர்தான் புதிது, நான்கும் அதற்கு நெடுங்காலம் முன்பே புழக்கத்தில் இருந்தன. பிணங்களை எண்ணியவர்கள், கற்களைக் கீறிப் பார்த்தவர்கள், பாயைப் பார்த்துக் காற்றை மதித்தவர்கள், கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பியவர்கள் என்று ஒருவரையொருவர் அறியாத தொழில்காரர்கள் தத்தம் வேலைக்கு வேண்டிய எண்ணைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். எழுதினால் எல்லா எண்ணும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஓர் எண்ணிடம் கேட்கத்தக்க கேள்வியை இன்னோர் எண்ணிடம் கேட்கக் கூடாது. அது புரிவதற்கு நீண்ட காலம் பிடித்தது. நடுவே நடந்த பிழைகளில் சில, மனிதர்களை நேரடியாகக் காயப்படுத்தின.

பெயரளவைக்கு மிக நல்ல தொடக்கம் லண்டன் நகரின் இறப்புப் பட்டியல். 1603 டிசம்பர் இறுதியிலிருந்து அது வாரந்தோறும் இடைவிடாமல் வெளிவந்தது. கொள்ளைநோய் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து, ஊரைவிட்டுக் கிளம்புவதா கடையைத் திறந்து வைப்பதா என்று முடிவுசெய்ய வேண்டியவர்கள் ஆண்டுக்கு 4 ஷில்லிங் கட்டி அந்தத் தாளை வாங்கினார்கள். ஒருவர் இறந்தால் தேவாலய மணி ஒலிக்கும். மணியோசை கேட்டோ, குழிவெட்டுபவர் சொல்லியோ, அந்தப் பங்கில் இந்த வேலைக்கென்றே சத்தியம் செய்துகொடுத்திருந்த வயதான பெண்கள் இறந்தவர் வீட்டுக்குப் போவார்கள். உடலைப் பார்த்து, வீட்டாரை விசாரித்து, இன்னதால் இறந்தார் என்று பங்கு எழுத்தரிடம் சொல்வார்கள். செவ்வாய் இரவு எழுத்தர்கள் கணக்கை ஒப்படைப்பார்கள், புதனன்று அச்சாகும், வியாழனன்று தாள் வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

அந்தத் தாளில் கொள்ளைநோய், காய்ச்சல், க்ஷயம் என்பவற்றோடு 'பல்', 'முதுமை', 'திடீர்' என்பவையும் இறப்புக்கான காரணங்களாக இருந்தன. 'பல்' என்றால் பல் முளைக்கும் பருவத்தில் இறந்த குழந்தை. இவையெல்லாம் பெயர்கள். ஒன்று மற்றதைவிடப் பெரிது என்றோ, இரண்டையும் கூட்டி வகுக்கலாம் என்றோ பேச இடமில்லை. ஒவ்வொரு பெயரின் கீழும் எத்தனை பேர் என்று எண்ணலாம். எது அதிகம் என்று பார்க்கலாம். அவ்வளவுதான் செய்ய முடியும். அந்த அவ்வளவைக் கொண்டே லண்டன் துணி வியாபாரி ஜான் கிரான்ட் 1662-இல் ஒரு புத்தகம் எழுதினார். புள்ளியியலின் முதல் நூல்களில் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. லண்டனில் 13 பெண் குழந்தைகளுக்கு 14 ஆண் குழந்தைகள் என்ற விகிதத்தில் ஞானஸ்நானம் பெற்றதை அதில் அவர் கண்டு சொன்னார்.

எண்ணிக்கையைவிடப் பெயரே பலவீனமான இடம் என்பதையும் கிரான்ட் கவனித்திருந்தார். மேகநோயால் இறந்தவரின் வீட்டார் அந்தப் பெண்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்து, கையில் கொஞ்சம் காசும் வைத்தால், தாளில் அது க்ஷயமாக ஏறிவிடும். எண்ணியதில் பிழை இல்லாமலே கணக்கு பொய்யாகிவிட்டது. பெயரளவைத் தரவில் கவனம் முழுதும் எண்ணுவதற்கு முந்தைய கட்டத்தில், எந்தப் பெட்டியில் எதைப் போடுவது என்ற முடிவில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்த முடிவை ஊருக்கு ஊர் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எடுத்தால் ஒப்பிடவே முடியாது. இங்கிலாந்தின் பதிவு அலுவலகத்தில் 1839-இல் சேர்ந்த வில்லியம் ஃபார், ஒரே நோய்க்கு நாலைந்து பெயர் வழங்குவதையும், மூல நோயின் பெயருக்குப் பதிலாக அதனால் விளைந்த சிக்கலின் பெயர் எழுதப்படுவதையும் எதிர்த்து நெடுங்காலம் போராடினார். 1853-இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாடு பொதுவான வகைப்பாடு ஒன்றை உருவாக்கும் பொறுப்பை அவரிடமும் ஜெனீவாவின் மார்க் டெஸ்பைனிடமும் ஒப்படைத்தது. 1893-இல் ஷாக் பெர்ட்டியோனின் பட்டியல் ஏற்கப்பட்டது. இன்று உலக சுகாதார நிறுவனம் பராமரிக்கும் ஐசிடி என்ற நோய் வகைப்பாட்டின் வேர் அதுவே. ஐசிடியின் பத்தாவது பதிப்பில் காலராவுக்கு 'ஏ00' என்று குறியீடு. அதில் எண் இருந்தாலும் அது பெயர்தான். 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த அஞ்சல் பின்கோடும் அப்படியே. சென்னையின் 600001-ஐயும் மதுரையின் 625001-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு, நடுவில் உள்ள ஊர் என்று பொருள் கிடையாது.

வரிசை அளவை கனிமவியலில் இருந்து வந்தது. கல்லின் கடினத்தை அளக்கக் கருவி எதுவும் இல்லாத காலத்தில், 1812-இல், ஃபிரெட்ரிக் மோஸ் எளிய வழி ஒன்றைப் பிடித்தார். இரண்டு கற்களை எடுத்து ஒன்றால் மற்றதைக் கீற வேண்டும். கீறல் எதில் விழுகிறதோ அது மென்மையானது. அப்படி வரிசைப்படுத்திய பத்துக் கனிமங்களுக்கு 1 முதல் 10 வரை எண் கொடுத்தார். மாக்கல் போல நகத்தால் கீறினாலே வழித்துக்கொண்டு வரும் டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3. மேலே போனால் குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே. ஆங்கிலத்தில் இந்தக் கனிமத்துக்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரும் தமிழின் குருந்தத்திலிருந்து போனதுதான். சேலம் வட்டாரத்தில் அந்தக் கல் கிடைத்தது.

மோஸ் அட்டவணையில் 9-க்கும் 10-க்கும் ஒரு படிதான் வித்தியாசம். ஆனால் பின்னாளில் கருவி கொண்டு அளந்தபோது வைரம் குருந்தத்தைவிடச் சுமார் நான்கு மடங்கு கடினமானது என்று தெரிந்தது. டால்க்கிலிருந்து குருந்தம் வரையுள்ள எட்டுப் படிகளும் சேர்ந்தாலும் கடைசி ஒரு படிக்கு ஈடாகாது. மோஸ் செய்தது பிழையல்ல. எது எதைக் கீறும் என்று மட்டுமே அவர் கேட்டார். எண்ணும் அதற்கு மட்டுமே பதில் சொல்லும். எவ்வளவு கடினம் என்று அதனிடம் கேட்பவர்தான் பிழை செய்கிறார்.

காற்றுக்கும் இதே கதை. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிரான்சிஸ் போஃபர்ட் 1806 ஜனவரியில் தன் குறிப்பேட்டில் காற்றுக்கு ஓர் எண் வரிசை எழுதினார். அவருக்கு முன்னோடியாக, கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னையில் வேலை தொடங்கிப் பின்னர் கடற்படையின் முதல் கடல்வரைபட அதிகாரியான அலெக்ஸாண்டர் டால்ரிம்பிளும் காற்றை எண்ணால் வரிசைப்படுத்தியிருந்தார். போஃபர்ட் அளவையில் கருவி எதுவும் கிடையாது. போர்க்கப்பலின் பாய்தான் கருவி. எல்லாப் பாயையும் விரித்தால் அமைதியான நீரில் கப்பல் எவ்வளவு வேகம் போகும், காற்று கூடக் கூட எந்தெந்தப் பாயைச் சுருட்ட வேண்டும் என்று படிப்படியாகப் போய், எந்தப் பாயும் தாங்காத காற்றுக்கு 12 என்று முடியும். 1838-இல் கடற்படை அதை ஏற்றது. பின்னர் வேகமானி வந்து ஒப்பிட்டபோது 4 என்பது மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் என்றும், 8 என்பது 62 முதல் 74 கிலோமீட்டர் என்றும் கணக்கிடப்பட்டது. எண் இரு மடங்கானபோது காற்று ஏறக்குறைய மும்மடங்காகிவிட்டது.

தமிழகக் கடற்கரையில் ஆண்டுதோறும் கண்ணுக்குத் தெரியும் ஒரு வரிசை எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு. 1864-இல் கல்கத்தாவை நாசம் செய்த புயலுக்குப் பிறகு, 1865-இல் அந்தத் துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது. ஐப்பசி, கார்த்திகையில் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் பாம்பனிலும் கம்பத்தில் உருளையும் கூம்புமாகக் கூண்டு ஏறும். இரவில் அதற்குப் பதில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். எண் 1 முதல் 11 வரை. கூண்டின் எண் கூடக் கூட ஆபத்து கூடுகிறது என்றுதான் கரையில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஓரளவுக்கு அது சரியும்கூட. 1-உம் 2-உம் தொலைதூரக் கடலில் உள்ள நிலைமை பற்றியவை. 3-உம் 4-உம் துறைமுகத்துக்கே வரக்கூடிய ஆபத்து பற்றியவை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம்.

ஆனால் 5-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடு புயலின் வலுவில் இல்லை. புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும் என்றால் 5. வலப்பக்கம் விட்டுக் கடக்கும் என்றால் 6. துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 7. கடும் புயலுக்கு இதே மூன்றும் 8, 9, 10 என்று திரும்ப வரும். மேற்கு நோக்கி வரும் புயலின் வலப்பக்கம் வடபக்கம். கடல்நீரைக் கரைமேல் தள்ளும் காற்று வீசுவது அங்கேதான். ஆகவே அந்த இடம் வலம் என்ற தகவல் மாலுமிக்கு உயிர்போகிற விஷயம். 11-ஆம் எண் 10-ஐவிடப் பெரிய புயலைக் குறிப்பதில்லை. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, உள்ளூர் அதிகாரியின் கணிப்பில் ஆபத்து இருக்கிறது என்று அதற்குப் பொருள். ஒரே வரிசையில் உள்ள பதினோரு எண்களில் சில படிகள், சில திசைகள், ஒன்று மௌனம். கூண்டு வடிவமைத்தவர்களுக்கு இது குழப்பமாக இருந்திருக்காது. ஒவ்வோர் எண்ணும் அவர்களுக்கு ஒரு வாக்கியம். செய்தியில் எண்ணை மட்டும் கேட்பவருக்குத்தான் பெயரும் வரிசையும் கலந்துபோகின்றன.

பெயரை வரிசையாக மாற்றுவதால் விளையும் தீங்கைக் காண இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை. 1871-72-இல் முதல் முயற்சி நடந்தது. நாடு முழுவதும் ஒரே இரவில் கணக்கெடுக்கும் முறை 1881 பிப்ரவரி 17-இல் தொடங்கியது. சாதி அதில் ஒரு பத்தி. பதிவு என்ற அளவில் சாதி ஒரு பெயர். பெயர்களை அகரவரிசையில் அடுக்கலாம், தொழில்வாரியாகத் தொகுக்கலாம். 1901-இல் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த எச்.எச்.ரிஸ்லி அதோடு நிற்கவில்லை. சமூகத்தில் யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்று ஊரார் கருதும் முறைப்படி சாதிகளை மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும் என்று மாகாண அதிகாரிகளுக்குப் பணித்தார். ஊருக்கு ஊர் மாறியதும், ஒருவர் ஒப்புக்கொண்டதை மற்றவர் மறுத்ததுமான ஒன்றுக்கு அரசாங்க அச்சில் ஒரே வரிசை தரப்பட்டது.

அந்த வரிசைக்கு அறிவியல் சாயம் பூச விகித அளவையும் பயன்பட்டது. ரிஸ்லி மூக்கின் அகலத்தையும் உயரத்தையும் இடுக்கியால் அளந்து, ஒன்றை மற்றதால் வகுத்துக் கிடைத்த எண்ணைச் சமூக நிலையோடு பொருத்திக் காட்டினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனும் தென்னிந்திய மக்களை இப்படி அளந்தார். மில்லிமீட்டரில் எடுத்த அளவு என்பதால் அதன் துல்லியம் உயர்வு தாழ்வுக்கும் ஒட்டிக்கொண்டது. மூக்கின் அகலம் விகித அளவைத் தரவு என்பது உண்மை. அதிலிருந்து மனிதரின் மேல் கீழைப் பெற எந்தக் கணக்கும் இல்லை. ரிஸ்லி சேர்த்த அளவுகளை பி.சி.மகலனோபிஸ் மறுபடி சரிபார்த்து, தாம் தொடங்கிய 'சங்க்யா' இதழில் 1933-இல் வெளியிட்டார்.

வரிசை என்று ஒன்று வந்தவுடன் அதில் இடம் பிடிப்பதும் தொடங்கியது. மனுக்கள் குவிந்தன. 1911-இல் வங்காளத்தில் வந்த மனுக்களை எடையிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது: ஒன்றரை மணங்கு, அதாவது ஐம்பது கிலோவுக்கு மேல். தமிழகத்தில் நாடார் மகாஜன சங்கத்தின் நெடுநாள் கோரிக்கையை ஏற்று, 1921 கணக்கெடுப்பையொட்டி, முன்பு எழுதப்பட்டுவந்த பெயருக்குப் பதிலாக 'நாடார்' என்றே பதிய அரசு இசைந்தது. தங்களை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு சமூகம் கேட்பது நியாயமான உரிமை. அந்த உரிமைக்கு ஆண்டுக்கணக்கில் மனுப் போட வேண்டியிருந்ததற்குக் காரணம், ஏட்டில் இருந்த பெயர் பெயராக மட்டும் இல்லாமல் ஓர் இடமாகவும் ஆக்கப்பட்டிருந்ததுதான். 1931-க்குப் பிறகு முழுமையான சாதிக் கணக்கு வெளிவரவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் அது மீண்டும் இடம்பெறும் என்று 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்தது.

இடைவெளி அளவைக்கு வெப்பமானியே தாய். டான்சிக்கில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் கருவிகள் செய்த டேனியல் ஃபாரன்ஹீட் 1724-இல் தன் அளவையை விளக்கினார். பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் மூன்றும் கலந்த குளிருக்கு 0. பனிக்கட்டியும் தண்ணீரும் மட்டும் என்றால் 32. நலமாக உள்ள மனிதரின் உடற்சூட்டுக்கு 96. உப்சாலாவின் வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் தந்த அளவையில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. சூடு ஏற ஏற எண் இறங்கும். 1744-இல் அவர் இறந்த பிறகுதான் அது தலைகீழாகத் திருப்பப்பட்டு இன்றைய வடிவம் பெற்றது. அப்படித் திருப்பியதால் எந்த அறிவியலும் கெடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பூஜ்யத்தை எங்கே வைப்பது என்பது இந்த அளவையில் மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. படிகளுக்கு இடையே உள்ள தூரம் சமமாக இருந்தால் போதும்.

தமிழ் நாளிதழ்கள் கோடையில் 'வெயில் சதம் அடித்தது' என்று எழுதும். அந்தச் சதம் ஃபாரன்ஹீட்டில் மட்டுமே உண்டு. செல்சியஸில் அதே வெயில் 37.8. கத்திரி நாளில் 40 டிகிரி செல்சியஸ் அடிக்கும் வெயில், மார்கழி விடியலின் 20 டிகிரியைப்போல இரு மடங்கு சூடு என்று சொல்லத் தோன்றும். ஃபாரன்ஹீட்டில் அவை 104-உம் 68-உம். இரு மடங்கு என்பது ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிடுகிறது. ஒரே சூட்டுக்கு இரண்டு விகிதம் இருக்க முடியாது. ஆகவே இரண்டும் விகிதமே அல்ல. 1848-இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, வெப்பத்தின் உண்மையான அடித்தளத்திலிருந்து தொடங்கும் அளவையை முன்வைத்தார். மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ் அங்கே 0. அதன்படி மார்கழி விடியல் 293, கத்திரி வெயில் 313. கூடியது நூற்றுக்கு ஏழு பங்குகூட நிறையவில்லை.

ஆண்டுக் கணக்கும் இடைவெளி அளவைதான்: 2000-ஆம் ஆண்டு 1000-ஆம் ஆண்டைப்போல இரு மடங்கு என்று யாரும் சொல்வதில்லை, ஆயிரம் ஆண்டு பிந்தியது என்பார்கள். தமிழர்களின் அறுபதாண்டு வட்டம் இந்த நான்கில் எதிலும் சரியாக அடங்காத ஒன்று. பிரபவ முதல் அட்சய வரை ஒழுங்கான வரிசை உண்டு, ஆனால் வட்டமாகச் சுற்றி வருவதால் இரண்டு பெயர்களில் எது முந்தியது என்று பெயரைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது.

விகித அளவை நான்கிலும் மூத்தது, சந்தையில் பிறந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்ற கணக்கு தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக ஓடியது. ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு வேறு. ஆனாலும் வெறும் படி எந்த ஊரிலும் வெறும் படிதான். பூஜ்யம் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதால், ஓர் ஊர்ப் படியை இன்னோர் ஊர்ப் படியாக மாற்ற ஓர் எண்ணால் பெருக்கினால் போதும். கூட்டவோ கழிக்கவோ எதுவும் இல்லை. 1956-இல் எடை, அளவுத் தரச் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து கிலோ கடைக்கு வந்தபோது நடந்ததும் இந்தப் பெருக்கல்தான். ஒரு வீட்டில் செலவாகும் அரிசி இன்னொரு வீட்டைப்போல இரு மடங்கு என்றால், படியில் அளந்தாலும் கிலோவில் அளந்தாலும் இரு மடங்கே.

வயது விகித அளவையைச் சேர்ந்தது. ஆனால் பிறந்த தேதி எழுதி வைக்காத காலத்தில் அது வேறொன்றாகத்தான் ஏட்டில் ஏறியது. தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னா பின்னா என்பது போல ஊரே நினைவில் வைத்திருக்கும் நிகழ்வைக் கொண்டு வயதை மதித்து, முப்பது இருக்கும், நாற்பது இருக்கும் என்று சொல்வார்கள். இந்தியக் கணக்கெடுப்புகளின் வயது அட்டவணையில் 30, 35, 40 ஆகிய இடங்களில் ஆட்கள் குவிந்தும் பக்கத்து வயதுகளில் குறைந்தும் இருப்பது இதனால்தான். இந்தக் குவியலை அளக்க விப்பிள் குறியெண் என்று ஒன்று உண்டு: 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5 என்று முடியும் வயது சொன்னவர்களின் பங்கைப் பார்க்கும். யாரும் வட்டமாகச் சொல்லவில்லை என்றால் 100, எல்லோருமே அப்படிச் சொன்னால் 500. கேட்ட கேள்வி விகித அளவை. வந்த பதில் பல நேரம் வரிசை அளவையைத் தாண்டவில்லை.

எண்ணிப் பெறுவது, அளந்து பெறுவது என்ற வேறுபாடும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெளிவடைந்தது. உயரத்தையும் எடையையும் எவ்வளவு நுட்பமாக வேண்டுமானாலும் பிரித்து எழுதலாம். அது தொடர் தரவு. சாவுகளை அப்படிப் பிரிக்க முடியாது. அது தனித்த தரவு. லாடிஸ்லாஸ் போர்ட்கேவிச் 1898-இல் வெளியிட்ட புகழ்பெற்ற அட்டவணையில் பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்தவர்கள் எண்ணப்பட்டார்கள். பத்துப் படைப்பிரிவுகள், இருபது ஆண்டுகள், ஆக 200 பதிவுகள். 109-இல் சாவே இல்லை, 65-இல் ஒருவர், 22-இல் இருவர், மூன்றில் மூவர், ஒன்றில் நால்வர். மொத்தம் 122, சராசரி 0.61. எந்தப் படைப்பிரிவிலும் 0.61 ஆள் இறக்கவில்லை. ஆனாலும் அந்தச் சராசரி ஒன்றை மட்டும் பாய்ஸான் பரவலில் போட்டால் மேலே சொன்ன எண்களுக்கு மிக நெருங்கிய எண்கள் வெளிவருகின்றன. தனித்த தரவுக்கென்று தனிக் கணக்கு தேவை என்பதற்கு ஆசிரியர்கள் இன்றும் இந்தக் குதிரைகளையே துணைக்கு அழைக்கிறார்கள்.

இதையொட்டிக் கார்ல் பியர்சனுக்கும் அவருடைய பழைய மாணவர் உட்னி யூலுக்கும் பெரிய சண்டை மூண்டது. நெட்டை, குட்டை போன்ற பண்புகளுக்கு அடியில் ஒரு தொடர் அளவு ஒளிந்திருக்கிறது, அதைக் கணித்தே ஆராய வேண்டும் என்பது பியர்சனின் வழி. அம்மை குத்திக்கொண்டவர், குத்திக்கொள்ளாதவர், பிழைத்தவர், இறந்தவர் என்ற பிரிவுகளுக்கு அடியில் அப்படி எதுவும் இல்லை. இறந்தவர்களில் கொஞ்சம் இறந்தவர், அதிகம் இறந்தவர் கிடையாது என்பது யூலின் பதில். 1900-இல் யூல் தந்த தொடர்புக் கெழுவும், 1913-இல் பியர்சன் தரப்பு எழுதிய நீண்ட மறுப்பும் இந்தச் சண்டையின் சுவடுகள். பண்புசார் தரவைப் பண்புசார் தரவாகவே நடத்த வேண்டிய இடங்கள் உண்டு என்பதில் காலம் யூலின் பக்கம் நின்றது.

ஸ்டீவன்ஸ் வந்து சேர்ந்தது வேறொரு சண்டையின் வழியாக. ஓசையின் உரப்பை மனிதர் உணரும் விதத்தில் அளக்க அவர் 1930-களில் 'சோன்' என்ற அலகை உருவாக்கியிருந்தார். உணர்வை அளக்க முடியுமா என்று ஆராய பிரிட்டிஷ் அறிவியல் கழகம் 1932-இல் இயற்பியலாளர்களும் உளவியலாளர்களும் சேர்ந்த குழு ஒன்றை அமைத்திருந்தது. சோன் அளவை அங்கே பெரும் சர்ச்சைக்குள்ளானது. இயற்பியலாளர் நார்மன் கேம்பெல்லின் கட்சி இது: ஒரு கோலோடு இன்னொரு கோலை ஒட்டிவைத்தால் நீளம் கூடுகிறது, அதுவே அளவீடு, ஓர் உணர்வோடு இன்னோர் உணர்வை அப்படி ஒட்டிவைக்க முடியாது, ஆகவே அது அளவீடாகாது. எட்டு ஆண்டுகள் பேசியும் குழு ஒரு முடிவுக்கு வரவில்லை. 1940-இல் இறுதி அறிக்கை கருத்து வேறுபாட்டோடே வெளிவந்தது.

அளவீடு ஒன்றல்ல, பல என்று சொல்லி ஸ்டீவன்ஸ் இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேறினார். விதிப்படி எண் கொடுப்பது எல்லாமே அளவீடுதான். ஆனால் எந்த விதி என்பதைப் பொறுத்து எண்ணின் உரிமை மாறும். அந்த உரிமையைக் கண்டுபிடிக்க அவர் தந்த உரைகல், எண்களை எந்த அளவுக்கு மாற்றி எழுதினாலும் சொன்ன செய்தி கெடாமல் இருக்கும் என்று பார்ப்பது. கால்பந்து வீரர்களின் சட்டை எண்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினாலும், யார் எவர் என்று தெரிந்தால் போதும். அது பெயரளவை, அங்கே முகடு மட்டும் செல்லும். மோஸின் 1, 2, 3-ஐ 10, 50, 51 என்று மாற்றினாலும் வரிசை கெடாது. அங்கே இடைநிலை அளவு செல்லும், கூட்டுச் சராசரி செல்லாது. செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக்கப் பெருக்கலும் கூட்டலும் வேண்டும். அதைத் தாங்கும் இடைவெளி அளவையில் சராசரி செல்லும், மடங்கு செல்லாது. படியைக் கிலோவாக்கப் பெருக்கல் மட்டும் போதும். அங்கே எல்லாமே செல்லும்.

பாடநூல்கள் இதைச் சட்டமாக எடுத்துக்கொண்டன; புள்ளியியலாளர்கள் பலர் எடுத்துக்கொள்ளவில்லை. 1953-இல் ஃபிரெட்ரிக் லார்ட் எழுதிய சிறு கதையில் ஒரு பேராசிரியர் கால்பந்து வீரர்களுக்கு எண்கள் விற்கிறார். தங்களுக்குச் சின்னச் சின்ன எண்களாகப் பார்த்துக் கொடுத்துவிட்டதாக முதலாண்டு மாணவர்கள் புகார் செய்ய, ஒரு புள்ளியியலாளர் தயங்காமல் அந்த எண்களுக்குச் சராசரி எடுத்துப் புகார் சரிதான் என்று காட்டிவிடுகிறார். எண்களைக் குலுக்கிக் கொடுத்தார்களா இல்லையா என்ற கேள்விக்குச் சராசரி பொருத்தமான விடையே. லார்டின் வாதத்தில் நியாயம் இருக்கிறது: கேள்வி எதைப் பற்றியது என்பதும் கணக்கில் சேர வேண்டும். ஆனால் வீரர்களின் திறமையைப் பற்றி அந்தச் சராசரி இன்னமும் எதுவும் சொல்லவில்லை.

மிகுதியான தகராறு நடக்கும் இடம் வரிசைக்கும் இடைவெளிக்கும் நடுவில் உள்ள வரப்பு. ரென்சிஸ் லைகர்ட் 1932-இல் உருவாக்கிய ஐந்து படி வினாத்தாள், முழுதும் உடன்படுகிறேன் முதல் முழுதும் மறுக்கிறேன் வரை, இன்று வங்கி முதல் மருத்துவமனை வரை எல்லா இடத்திலும் நீட்டப்படுகிறது. வந்த 1 முதல் 5 வரையான பதில்களுக்குச் சராசரி எடுப்பது அன்றாட வழக்கம். படிகள் சமம் என்பதற்கு ஆதாரம் இருப்பது அபூர்வம். பள்ளி மதிப்பெண்ணும் இந்த வரப்பிலேயே நிற்கிறது. 80 எடுத்தவர் 40 எடுத்தவரைப்போல இரு மடங்கு கணக்கு அறிந்தவரல்ல. 0 எடுத்தவருக்குக் கணக்கே தெரியாது என்பதும் இல்லை. ஆனாலும் மதிப்பெண்களைக் கூட்டாமல் எந்தப் பள்ளியும் தேர்வு நடத்த முடியாது. வரிசைத் தரவுக்கென்றே வேறு வழிகளும் வந்துவிட்டன: ஸ்பியர்மன் 1904-இல் தந்த தர ஒட்டுறவு, வில்காக்சன் 1945-இல் தந்த தரச் சோதனை, மான்-விட்னி 1947-இல் அதை விரித்தது.

1993-இல் பால் வெல்மனும் லீலன்ட் வில்கின்சனும் இந்த நான்கு வகைப் பிரிவு வழிகாட்டுவதைவிட வழிதவறச் செய்வதே அதிகம் என்று எழுதினார்கள். அறுபதாண்டு வட்டம் போன்றவை அதில் அடங்காததும், ஒரே பத்தி ஒரு கேள்விக்குப் பெயராகவும் இன்னொரு கேள்விக்கு வரிசையாகவும் இருக்கக்கூடியதும் அவர்கள் பக்கத்து நியாயம். ஆனாலும் பிரிவு மறையவில்லை, மென்பொருளுக்குள் குடியேறிவிட்டது. எஸ்.பி.எஸ்.எஸ். ஒவ்வொரு பத்திக்கும் பெயரளவையா, வரிசையா, அளவா என்று கேட்கிறது. இடைவெளியையும் விகிதத்தையும் அது பிரிப்பதில்லை. 'ஆர்' மொழியில் பெயருக்கு ஒரு வகை, வரிசையுள்ள பெயருக்கு இன்னொரு வகை, எண்ணுக்கு வேறு வகை. பின்கோடு நிரம்பிய பத்தி ஒன்றை எண் என்று விட்டுவிட்டால் அந்த மென்பொருள்கள் தயங்காமல் அதற்குச் சராசரி எடுத்துத் தரும். அது பெயர் என்று தரவை உள்ளிடுபவர் ஒரு முறை குறித்துவிட்டால், எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைத் தரும்.